பல்லின மக்களும் நம் அன்னதானப் பந்தியும்

(தைப்பூச அன்னதான உபயதாரர் கூட்டத்தில் ஆலயக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'விழாக்களும் உணவு முறைகளும்' என்ற தலைப்பில் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்றவனிடம் தலைப்பைக் கொடுத்தால் மணி அடிக்கும் வரை நிறுத்தமாட்டான் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார்கள். ஆகவே பழி என்மேல் இல்லை.

நம் ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். மலாய் மொழியில் 'பினாங்' என்றால் பாக்கு. பெண் கேட்கப் போவதை மலாய்க்காரர்கள் 'மெமினாங்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள்ளே பாக்கு இருக்கிறது. அவர்கள் திருமணத்தில் வெற்றிலையை அழகாக அடுக்கி மணமகள் வீட்டுக்கு எடுத்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். பாபா நோன்யா குடும்பங்களில் வெள்ளியால் செய்த வெற்றிலைப் பெட்டி மதிப்புமிக்க சீர்ப்பொருள். நம் வீடுகளில் தாம்பூலம் மாற்றாமல் நிச்சயதார்த்தம் உண்டா? மூன்று இனத்தாரும் ஒரே பாக்கை வைத்துத்தான் சம்பந்தம் பேசியிருக்கிறோம். ஊருக்கே அதுதான் பெயர்.

பழைய பிட் ஸ்திரீட், இன்றைய ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங், அந்தச் சாலையை எத்தனை முறை கடந்திருப்போம்! 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், இரண்டடி தள்ளிக் குயின் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த நம் மகா மாரியம்மன் கோயில், பிறகு 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சாம்பிராணியும் ஊதுவத்தியும் ஒரே காற்றில் கலக்கும் தெரு அது. 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது, இப்படிப் பல சமயத்தார் அருகருகே வாழ்ந்து வருவதையும் ஒரு காரணமாகக் கொண்டது. நாம் அதற்கு முன்பே பாரம்பரியமாகத்தான் இருந்தோம். சான்றிதழ் பிறகுதான் வந்தது.

இன்னொரு செய்தி. 1906-ஆம் ஆண்டுவாக்கில் ஆங்கில அரசு இங்கே அறக்கட்டளைகளைக் கவனிக்க வாரியம் அமைத்தபோது, முஸ்லிம் அறக்கட்டளைகளுக்கும் இந்து அறக்கட்டளைகளுக்கும் சேர்த்து ஒரே வாரியமாகத்தான் அமைத்தது. ஒரே மேசையில் பள்ளிவாசல் கணக்கும் கோயில் கணக்கும் பார்க்கப்பட்டன. காலப்போக்கில் அவை பிரிந்தன. பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இனி நாள்காட்டிக்கு வருகிறேன். தைப்பூசம் என்பது தை மாதத்துப் பூச நட்சத்திரமும் முழுநிலவும் கூடும் நாள் என்பது உங்களுக்குத் தெரியும். சீனர்களும் நிலவைப் பார்த்துத்தான் நாள் எண்ணுகிறார்கள். அவர்கள் புத்தாண்டின் பதினைந்தாம் இரவு சாப் கோ மே. அன்றும் முழுநிலவு. 2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11, சாப் கோ மே பிப்ரவரி 12. நம் பிள்ளைகள் தண்ணீர்மலையில் காவடி இறக்கி வைத்த மறுநாள், சீனப் பெண்கள் பாடாங் கோத்தா லாமா கடற்கரையில் நல்ல கணவன் வேண்டி ஆரஞ்சுப் பழத்தைக் கடலில் வீசினார்கள். நிலவு ஒன்றுதான்.

கரும்பும் அப்படியே. பொங்கலுக்கு நாம் கரும்பைக் கட்டி நிறுத்துகிறோம். ஹொக்கியன் சீனர்கள் தங்கள் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில், ஒன்பதாம் நாள் பிறக்கும் வேளையில், விண்ணரசனுக்குப் படையல் வைக்கும்போது மேசையின் இரு பக்கமும் முழுக் கரும்பைத் தோகையோடு கட்டுவார்கள். பகைவர்களிடமிருந்து கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் தப்பிய முன்னோர்களின் நன்றிக்கடன் அது என்று அவர்கள் கதை சொல்வார்கள். வெல்ட் கீயில் சியூ ஜெட்டிப் பக்கம் அன்றிரவு போய்ப் பாருங்கள். ஒரு கணம் நம் வாசலில் நிற்பதாகவே தோன்றும்.

நவராத்திரியைச் சொல்லாமல் விட முடியாது. சீனர்களின் ஒன்பது பேரரசர் விழா அவர்களுடைய ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள். 2024-இல் அவர்கள் ஒன்பது நாளும் நம் நவராத்திரியும் அக்டோபர் 3 அன்றே தொடங்கின. 2025-இல் அவர்கள் கணக்கில் ஆண்டின் நடுவே ஒரு மாதம் கூடுதலாக வந்ததால் ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. ஆனால் சேர்ந்து வரும் ஆண்டுகளில் என்ன நடக்கும்? மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் வெள்ளை உடை அணிந்த சீனரும், புரட்டாசி விரதம் இருக்கும் நம் தாய்மாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சைவ மீ சாப்பிடுவார்கள். அதில் பூண்டு, வெங்காயம் இருக்காது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

1996 முதல் 1998 வரை சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்த நாள்களில் வந்தபோது நாடே 'கோங்சி ராயா' என்று கொண்டாடியது. 2004 முதல் 2006 வரை தீபாவளியும் பெருநாளும் ஒட்டி வந்தன; 'தீபராயா' என்றார்கள். பெயர்கள் எனக்கு அவ்வளவாகப் பிடித்ததில்லை. விழாவைக் கலவைச் சோறு ஆக்குவது போல இருந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் பள்ளி ஆசிரியர் அறையில் நடந்தது எனக்குப் பிடித்தது.

எங்களோடு பணியாற்றிய மலாய் ஆசிரியர் ஒருவர் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்புக்கு எங்களை அழைத்தார். உள்ளே நுழைந்தால் இரண்டு மேசை. ஒன்றில் கெத்துப்பாட், கோழி ரெண்டாங், காய்கறிக் குழம்பு. மற்றதில் மாட்டிறைச்சி ரெண்டாங். அகப்பைகூட மாறிவிடக் கூடாது என்று இரண்டு மேசைக்கும் நடுவே தம் மகளையே காவல் நிறுத்தியிருந்தார். "சிக்கு, இந்த மேசையில் உள்ளது எல்லாம் நீங்கள் சாப்பிடலாம், தனிச் சட்டியில் சமைத்தது" என்று அவர் சொன்னபோது என் மனைவி என்னைப் பார்த்தார். அடுத்த தீபாவளிக்கு எங்கள் வீட்டில் புதுச் சட்டி, புதுத் தட்டு வாங்கினோம். கோழியை ஹலால் கடையில் வாங்கினோம். யாரும் எங்களுக்குச் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. அவர் எங்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நாங்கள் அவரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அவ்வளவுதான்.

சீனர்களிடம் இன்னும் ஒரு வழக்கம் உண்டு. சாலையோரத்தில் சிவப்பாகச் சிறு மாடம் கட்டி 'டத்தோ கோங்' என்று வணங்குவார்களே, அந்தத் தெய்வத்தை மலாய்க் காவல் தெய்வமாகவே கருதுகிறார்கள். சில இடங்களில் சிலைக்குச் சொங்கோக்கும் உண்டு. அதற்குப் பன்றி இறைச்சி படைக்க மாட்டார்கள். வெற்றிலை, பாக்கு, சாம்பிராணி, மஞ்சள் புளுட் சோறு, கோழிக் கறி, இவைதான். அங்கே வணங்குபவர் அன்றாடம் பன்றிக் கறி உண்பவராக இருக்கலாம். ஆனாலும் விருந்தாளி எதை உண்பார் என்று கேட்டுப் படைக்கிறார். தெய்வத்திடமே இப்படிக் கேட்டு நடப்பவர்கள் மனிதரிடம் கேட்காமல் இருப்பார்களா? நான்தான் கேட்கவில்லை. அதைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

2015-ஆம் ஆண்டு. தைப்பூசம் பிப்ரவரி 3. தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் நண்பர்கள் சிலர் வழக்கமாகப் போடும் தண்ணீர்ப் பந்தலில் அகப்பை என் கையில் இருந்தது. சாம்பார் சாதம், தயிர் சாதம், நீர்மோர், ரோஸ் தண்ணீர். அந்தப் பந்தலுக்கு ஒரு சீன அம்மையார் பல ஆண்டுகளாக வருவார். ஆன்ட்டி என்றே எல்லாரும் அழைப்போம். மகனுக்கு உடல்நலம் இல்லாதபோது முருகனிடம் வேண்டிக்கொண்டு பால்குடம் எடுத்தவர். மகன் தேறிவிட்டான். அன்றிலிருந்து தைப்பூசம் தோறும் ஒரு மூட்டை அரிசியை வண்டியில் கொண்டு வந்து இறக்கிவிட்டு, எங்களிடம் ஒரு பொட்டலம் சோறு வாங்கிக்கொண்டு போவார்.

அந்த ஆண்டு அரிசியோடு பெரிய தட்டு நிறைய வறுத்த மீகூனும் கொண்டு வந்தார். "சிக்கு, சாய், சாய்" என்றார். சைவம் என்று பொருள். நான் இரு கையாலும் வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற நம்மவர் ஒருவர் மெதுவாக, "வாத்தியாரே, எந்தச் சட்டியில் செய்ததோ, என்ன எண்ணெயோ, பந்தியில் வைக்கலாமா?" என்றார். எனக்குத் தகராறு வேண்டாம் என்று பட்டது. வைக்கலாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துப் பின்னால் மேசைக்கு அடியில் வைத்தேன். சிரித்த முகத்தோடு வாங்கிக் காலடியில் வைத்தேன் என்பதே உண்மை.

அம்மையார் மலையேறித் தரிசனம் முடித்து மாலையில் திரும்பி வந்தார். தட்டு அப்படியே மூடியபடி இருந்ததைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முகம் வெளுத்துவிட்டது. சரிக்கட்டுவதற்காக, ஒரு தட்டில் சாம்பார் சாதத்தை நிறையப் போட்டு, "ஆன்ட்டி, உட்கார்ந்து சாப்பிடுங்கள்" என்று மலாயில் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்து, "பாவாங் ஆதா?" என்று கேட்டார். வெங்காயம் உண்டா என்கிறார். ருசிக்காகக் கேட்கிறார் என்று நினைத்து நான் பெருமையாக, "ஆதா, ஆதா, பாஞ்ஞா!" என்றேன். நிறைய இருக்கிறது என்றேன்!

அவர் சிரித்துவிட்டார். தட்டை வைத்துவிட்டு விளக்கினார். அவர்கள் கணக்கில் அன்று பதினைந்தாம் நாள். ஒவ்வொரு மாதமும் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவர் சைவம். அவர்கள் சைவத்தில் பூண்டு, வெங்காயம், குச்சாய் முதலான ஐந்தும் விலக்கு. மனத்தைக் கலக்கும் பொருள்கள் என்று அவர்கள் பௌத்த மரபு சொல்லும். எங்கள் சாம்பாரில் சின்ன வெங்காயம் கை நிறைய. அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக வாங்கிக்கொண்டு போன பொட்டலங்கள்? அவர் அடுக்குமாடிக் காவல்காரருக்குக் கொடுத்திருக்கிறார். தெய்வத்தின் இடத்தில் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

மீகூன் சட்டியைப் பற்றியும் அவரே சொன்னார். சைவ நாளுக்கென்று தனியாக ஒரு சட்டி; மற்ற நாள்களில் அதைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்துவிடுவாராம். நம் வீடுகளில் எத்தனை வீட்டில் அப்படி ஒரு சட்டி இருக்கிறது? கையை உயர்த்தச் சொல்லமாட்டேன். என் வீட்டிலும் இல்லை.

அன்று மேசைக்கு அடியிலிருந்து அந்தத் தட்டை எடுத்தேன். அவரும், நானும், சட்டியைப் பற்றிக் கேட்ட அந்த நண்பரும் பந்தலின் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆறிப்போயிருந்தது. இஞ்சி, மிளகு, முட்டைக்கோஸ், பொரித்த தௌக்வா. நன்றாகவே இருந்தது.

இப்போது அந்த அம்மையாருக்கு முழங்கால் முடியவில்லை. 2021-இல் நோய்த்தொற்றினால் தேர்த் திருவிழா கூட்டத்தோடு நடைபெறாமல் போனது அல்லவா, அதற்குப் பிறகு அவர் நேரில் வருவதில்லை. மகன்தான் அரிசி கொண்டு வருகிறார். அவரும் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொள்கிறார். அதை யாருக்குக் கொடுக்கிறார் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

சென்ற மாதம் நம் குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன். இந்த ஆண்டு அன்னதானத்தில் ஒரு கொப்பரையாவது வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைக்க வேண்டும். அதைத் தனியாக வைத்து, தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் எழுதி வைக்க வேண்டும். உடனே எதிர்ப்பு வந்தது. "சீனர்களுக்காக நம் சமையலை மாற்றுவதா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் இது: என் பாட்டி கந்த சஷ்டி ஆறு நாளும் அடுப்பில் வெங்காயத்தை ஏற்றமாட்டார். பெருங்காயம், சீரகம், மிளகு, தேங்காய், கறிவேப்பிலை, இவற்றைக் கொண்டே ருசியாகச் சமைப்பார். நாம் மாற்றப் போவது எதுவும் இல்லை. மறந்துவிட்டதை எடுத்து வைக்கப் போகிறோம். அதுவும் ஒரு கொப்பரைதான். மற்றக் கொப்பரைகளில் வெங்காயம் வழக்கம்போல மிதக்கும். யாரும் கவலைப்பட வேண்டாம். ஒருவழியாக, சிறு வித்தியாசத்தில், யோசனை நிறைவேறியது.

அடுத்தது தேங்காய். இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நகரத்தார் கோயில் வெள்ளி இரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து புறப்படும்போதும், 2017 முதல் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைத் தாங்கித் தங்க இரதம் புறப்படும்போதும், வழிநெடுகத் தேங்காய் மலைபோலக் குவிந்திருக்கும். டத்தோ கிராமாட் சாலையில் குவியலின் மேல் ஊதுவத்தியை நட்டு வைத்துக் காத்திருப்போரில் பெரும்பாலோர் சீனர்கள். தேர் வரும் பாதையைத் தூய்மை செய்வதாக அவர்கள் நம்புகிறார்கள். நாம் ஆணவத்தின் ஓட்டை உடைப்பதாகச் சொல்கிறோம். உடைத்த பிறகு மாநகர் மன்றத் தொழிலாளர்கள் இயந்திரம் கொண்டு அள்ளுகிறார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் எண்ணிக்கையைக் குறைக்கும்படி பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது.

2025 தைப்பூசத்துக்கு முன் நாட்டில் தேங்காய்த் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தாமான் முனையில் நாசி லெமாக் விற்கும் மலாய் அம்மா, "சிக்கு, உங்கள் சாமிக்கு உடைக்கும் தேங்காயில் பத்து எனக்குக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் சந்தானின் விலை அவர் வயிற்றைத் தொட்ட விலை. நாசி லெமாக்குக்கும், நோன்யா கூவேக்கும், புட்டு மாயத்துக்கும், நம் சட்டினிக்கும் தேங்காய் ஒன்றுதானே.

இதைக் காரணம் காட்டிச் சிலர், "சீனர்கள் வீணடிக்கிறார்கள், தடுக்க வேண்டும்" என்கிறார்கள். நான் ஒப்பவில்லை. மகன் பிழைத்ததற்கு நூறு தேங்காய் உடைக்கும் தாயிடம் போய்க் கணக்குக் கேட்க எனக்கு உரிமை இல்லை. நம் தெய்வத்தை நம்பி வந்தவரை நம் வாசலிலேயே குறை சொல்வது அழகும் அன்று. குறைப்பதென்றால் நம் வீட்டிலிருந்து தொடங்கலாம். ஐம்பது உடைக்க வேண்டிக்கொண்டவர் ஐந்தை உடைத்து, நாற்பத்தைந்தின் விலையை அன்னதானத்துக்குத் தந்தால் முருகன் கோபித்துக்கொள்வான் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதையும் அவரவர் மனமுவந்து செய்ய வேண்டும். உண்டியலில் எழுதி ஒட்ட வேண்டாம்.

முஸ்லிம் அன்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தலைக் கடந்து போகும் மலாய்க் காவலர்கள், அள்ளும் தொழிலாளர்கள், மருத்துவ உதவியாளர்கள் பலர் வெயிலில் நிற்கிறார்கள். படைத்த உணவை அவர்கள் ஏற்கத் தயங்கலாம். வற்புறுத்தி இலையை நீட்ட வேண்டாம். மூடி திறக்காத தண்ணீர்ப் புட்டியும், தோல் உரிக்காத வாழைப்பழமும் ஆரஞ்சும் ஒரு கூடையில் தனியாக இருக்கட்டும். இளைஞர் பிரிவினர் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி.

நேரமாகிவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். வெங்காயம் இல்லாத சமையலுக்குப் புதிதாக ஒரு கொப்பரை, இரண்டு அகப்பை, ஒரு வெட்டுப்பலகை, இரண்டு கத்தி தேவை. அவை வேறு எதற்கும் பயன்படாமல் தனியே பூட்டி வைக்கப்படும். கொப்பரைக்கு உபயதாரர் இன்னும் கிடைக்கவில்லை. சீன எழுத்தில் பலகை எழுதித் தர ஒருவர் வேண்டும். பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவராக இருக்கட்டும். சமைக்கும் தாய்மார்களில் சஷ்டி விரதச் சமையல் தெரிந்தவர்கள் இருவர் முன்வந்தால் போதும். சுவை பார்க்க நான் வருகிறேன். பதிவேடு வாசலருகே மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.